பனைமட்டைத் துவக்கு

ஜனவரி 19, திங்கள்

விடியப் பனி. எதிர்வீட்டுப் பூவரசு தெரியவில்லை. கண்ணுக்குச் சொட்டு மருந்து விட்டாயிற்று. பிரஷர் குளிசையை மறந்து, பத்து மணிக்குத்தான்.

தபாலில் மகள் மலரின் அனுமதிப் பத்திரம். பயிர்ப் பாதுகாப்புக்கு, பன்னிரண்டு துளைச் சொட்கன் துப்பாக்கி, ஒன்று. பெயர் அவளுடையது. தகப்பன் பெயர் என்ற இடத்தில் என்னுடையது, முதலெழுத்துப் பிழையில்லாமல். வாசித்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் வாசித்தேன்.

பாப்பாமோட்டையில் எங்கள் பக்கத்து வயல்காரரில் துவக்கு அனுமதி பெற்ற முதல் பெண் என் மகள். வெளியே சொன்னால் பெருமை அடிக்கிறேன் என்பார்கள். இங்கே எழுதலாம்.

அவள் பத்திரத்தை ஒரு தரம் பார்த்தாள். "சரி. இனி எதை வாங்கிறதெண்டு பாருங்கோ அப்பா. நீங்கள்தானே வாசிக்கிற ஆள்." சேறு காயாத காலோடு திரும்பவும் வயலுக்கு.

துவக்கைப் பற்றி எனக்குத் தெரிந்தது: சத்தம் கேட்டால் எந்தப் பக்கம் படுக்க வேண்டும் என்பது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

வாடைக் காற்று. கதிர் பால் பிடித்து ஒரு பக்கம் சாய்ந்து நிற்கிறது. நேற்று இரவும் கீழ் வரம்போடு பன்றி இறங்கியிருக்கிறது. பாய் விரித்த அகலத்துக்கு உழக்கி, மென்று துப்பிய சக்கை. அறுவடைக்கு இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது. இப்படியே போனால் கீழ்த் துண்டில் அறுக்க ஒன்றும் மிஞ்சாது. அந்தத் துண்டுதான் எங்கள் வயலில் நல்ல துண்டு.

மாலையில் கட்டாரிலிருந்து மருமகன் சுதன். முதலில் ஒரு வீடியோ, பிறகு அழைப்பு. கட்டையான தானியங்கிச் சொட்கன். இளம் வேட்டைக்காரருக்கென்றே செய்ததாம். பிடி கட்டை, குழல் கட்டை, பாரம் குறைவு. வீடியோவில் ஒரு வெள்ளைக்காரப் பெடியன், முகமெல்லாம் புள்ளி, சிரித்துக்கொண்டே சுடுகிறான்.

"மாமா, மலரை அளந்து செய்த மாதிரி இருக்குது. ஒருக்கா சுட்டால் அடுத்த தோட்டா தானாவே ஏறும். தோளில உதையும் குறைவு."

"ஓம் தம்பி, பாக்கிறன்."

"நீங்கள் பாக்கிறன் எண்டால் ஒரு மாதம் பாப்பியள். அதுக்குள்ள பன்றி அறுவடை முடிச்சுப்போடும்."

அவன் சொன்னது சரி. அதனால் இன்றைக்கே எழுதிப் பார்க்கிறேன்.

தானியங்கி. நன்மை: உதை குறைவு (சுட்ட வேகத்தில் கொஞ்சம் அடுத்த தோட்டாவை ஏற்றுவதில் செலவாகிறது, விளங்குகிறது). பாரம் குறைவு. உயரம் குறைந்தவருக்குப் பொருந்தும். மூன்று வெடி.

தீமை: எனக்குப் பிடிக்கவில்லை.

இது தீமையா? அடித்துவிட்டேன்.

ஜனவரி 21, புதன்

கமக்காரர் அமைப்புக் கூட்டம். கதிரை போதாமல் பாதிப் பேர் வரம்பில். உரம், வாய்க்கால் துப்பரவு, பிறகு மலரின் விஷயம்.

இங்கே ஒரு பழக்கம். புதுத் துவக்கு வந்தால் குளக்கட்டில், மதகடியில், மண் மேட்டுக்கு முன்னால் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்துத் தொங்கவிடுவார்கள். துவக்குக்காரர் அமைப்பு முன்னால் சுட்டுக் காட்ட வேண்டும். இரண்டு வெடி. சட்டி உடைந்தால் காவல் முறையில் பெயர் ஏறும். உடையாவிட்டால் அடுத்த போகம் வரை துவக்கு அலுமாரியில். ஆம்பிளைகளிலும் இரண்டு பேர் அப்படி அலுமாரியில் வைத்திருந்து, பிறகு வெட்கத்தில் ஒப்படைத்தவர்கள்.

இப்போது இந்தப் பக்கம் துவக்கோடு காவல் இருப்பது தலைவர் சின்னராசா மட்டும். பன்றி வந்தால் அவருக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும். அவர் சாரத்தை இறுக்கிக் கட்டி வந்து சேரும்போது பன்றி சாப்பிட்டு முடித்துப் போயிருக்கும். கெட்ட மனிதர் இல்லை. வயல்கள் அதிகம், ஆள் ஒருவர்.

என்னை ஊரில் பிளான் ஐயா என்பார்கள். நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவன் என்பதால்.

"பிளான் ஐயா," சின்னராசா கேட்டார், "பிள்ளைக்குத் துவக்கு வாங்கிறியளோ, துவக்குக்குப் பிள்ளையைப் பிடிச்சு விடுறியளோ? நீளத்தில ரெண்டும் ஒண்டாத்தானே இருக்கும்."

சிரிப்பு. நானும் சிரித்துவிட்டேன், பழக்க தோஷம்.

மலர்: "பன்றியும் என்னைவிடப் பெரிசுதான் அண்ணை. அது என்ர உயரத்தைக் கேட்டுப்போட்டு வாறேல்ல."

பின்னாலிருந்து ஒரு குரல்: "அவள் வாயைத் திறந்தாலே காணும். பன்றி மடுக் கோயிலுக்குப் போய்ச் சேந்திடும்."

"அப்ப நான் வாயாலயே சுடுறன். சட்டியைக் கட்டுங்கோ."

பெப்ரவரி முதலாம் திகதி, ஞாயிறு, பின்னேரம் நாலு மணி என்று முடிவு. வரும் வழியில் அவள் சைக்கிளில் ஏறவில்லை, முகம் இறுகி உருட்டிக்கொண்டே வந்தாள்.

ஜனவரி 22, வியாழன்

மோட்டார்த் தண்ணீர் வரவில்லை, பிறகு வந்தது.

துவக்கின் பிடி எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று தேடி வாசித்தேன். முழங்கை மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரை அளக்க வேண்டுமாம். குசினிக் கதவோடு மலரை நிறுத்தி அளந்தேன். மண்ணிறத் தாளில் முழு அளவில் படம். பிறகு, படத்தை மட்டும் நம்பப் பயமாக இருந்ததால், பனைமட்டை ஒன்றை எடுத்து அதே அளவில் செதுக்கினேன். பிடி, விசை இருக்கும் இடம், குழல். கருக்கைச் சீவி, கண்ணாடித் துண்டால் வழித்து. ஒரு காலை முழுக்கப் போயிற்று. பார்க்க மோசமில்லை.

அவள் அதைக் காவல் கொட்டிலுக்குள் எடுத்துப் போய், சம்மணம் கட்டி இருந்து, தோளில் வைத்தாள். பிடி தோளைத் தள்ளிக்கொண்டு வெளியே போனது.

"நீளம் அப்பா."

"அளவு சரிதானே பிள்ளை. பார், மடிப்பிலிருந்து..."

"நிப்பாட்டி வைச்சல்லோ அளந்தனியள். கொட்டிலுக்குள்ள நிண்டால் தலை கிடுகில முட்டும். நாங்கள் இருந்துதானே காவல் பாக்கிறது. அதோட இதையும் போடுவன்." சுதன் விட்டுப்போன தடித்த ஜக்கெட்டை எடுத்துக் காட்டினாள். பனிக்கு.

நான் வாசித்ததெல்லாம் நடந்து திரிந்து சுடுகிறவர்களுக்கு. இருந்து சுடுகிறவர்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. எனக்கும் தோன்றவில்லை. தினமும் அந்தக் கொட்டிலைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஜக்கெட்டோடு, இருத்தி, திரும்பவும் அளந்தேன். மட்டையில் இரண்டு விரல் வெட்டினேன். தோளில் வைத்தாள். "ஆ," என்றாள். அவ்வளவுதான் பாராட்டு. காணும்.

ஜனவரி 23, வெள்ளி

அரிப்பு ஊர் மீன்காரர் ஒட்டி மீன் கொண்டுவந்தார். பால்கறி. உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது (நான்தான்).

பின்னேரம் மட்டையோடு இன்னொரு சோதனை. பார்வை குழலின் மேல் நேராக விழுகிறதா என்று முன்னால் நின்று பார்க்க வேண்டும். மட்டைதான். ஆனாலும் அதன் நுனி என் முகத்துக்கு நேரே வந்தபோது ஓர் அடி பின்னால் போனேன். மலர் கவனித்து மட்டையைத் தாழ்த்தினாள். "வேண்டாம் அப்பா." இல்லை, பிடி, என்றேன்.

பார்த்தேன். வலது தோளில் வைத்திருக்கிறாள். வலது கன்னம் பிடியில். ஆனால் மட்டையின் நுனிக்கு நேரே, அதற்குப் பின்னால் தெரிந்தது அவளுடைய இடது கண். தலையை அவ்வளவு சரித்து வைத்திருக்கிறாள், தனக்கே தெரியாமல்.

அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்கு இன்னும் சோதிக்க வேண்டும்.

ஒன்று நினைவு வருகிறது. மண்டபம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்த வருடம் ஒரு நில அளவையாளருக்கு உதவிக்குப் போனேன். மலரும் கூட வருவாள், பள்ளிக்கூடம் இன்னும் சேர்க்கவில்லை. கருவிக்குள்ளே பார்க்கக் கேட்டு அரியண்டம் கொடுப்பாள். அப்போதும் இடது கண்ணைத்தான் வைத்தாள். அளவையாளர் சிரித்து, "ஐயா, இந்தப் பிள்ளைக்குக் கருவியை மற்றப் பக்கமாத் திருப்பி வைக்கவேணும்" என்றார்.

ஜனவரி 24, சனி

ஒரு தாளைச் சுருட்டிக் கொடுத்து, கம்பியில் இருக்கிற கிளி எத்தனை என்று கேட்டேன். இடது கண். ஊசியில் நூல் கோர்க்கச் சொன்னேன். இடது கண். பெருவிரலை நீட்டித் தென்னையை மறைக்கச் சொல்லி, ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னேன். இடது.

"உங்களுக்கு என்ன நடந்தது இண்டைக்கு? நூல் கோக்க ஒரு கிழிஞ்ச உடுப்பும் இல்லை."

வலது கைக்காரி, இடது கண்காரி. அப்படியானால் இடது தோளில் வைத்துச் சுட வேண்டும். இடது தோள் என்றால் தானியங்கி சரிவராது. சுட்ட வெற்றுத் தோட்டாவை அது வலது பக்கம் எறியும். இடது தோளில் வைத்தவளின் முகத்துக்குக் குறுக்கே, சூடாக.

நேராக வந்த விடை. அதுதான் சந்தேகம். எனக்கு வேண்டிய விடை வந்தால் கணக்கைத் திரும்பப் பார்க்க வேண்டும். அந்தத் துவக்கு எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. தோட்டா தானாக ஏறும் சத்தம் எனக்குத் தெரியும். அந்தச் சத்தத்துக்குப் பிறகு என்ன வரும் என்பதும் தெரியும். என் பயத்துக்குக் கண்ணையும் தோளையும் சாட்சிக்குப் பிடிக்கிறேனா?

சுதன் பாசத்தில் சொல்கிறான். மலருக்கு வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து அதில் ஆசை. நான் சொல்லிப் பிழைத்தால் சட்டி உடையாது. சொல்லாமல் விட்டாலும் உடையாது.

ஜனவரி 26, திங்கள்

வெள்ளனவே அனுராதபுரம் பஸ். கடையில் காட்ட மட்டையையும் எடுத்துக்கொண்டேன், பத்திரிகைத் தாளில் சுற்றி. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது. துவக்கு வடிவத்தில் ஒரு பொதி, மடியில், தமிழ்க் கிழவன். வேர்த்துவிட்டது. தாளின் நுனியைக் கிழித்து மட்டை தெரியும்படி வைத்தேன். பிறகு அது இன்னும் சந்தேகமாகத் தெரிந்தது.

கண்டக்டர் குனிந்து பார்த்தார். "என்ன ஐயா, கிரிக்கெட் விளையாடப் போறீங்களா?"

"இவர் ஓப்பனிங்," என்றாள் மலர்.

மதவாச்சி தாண்டும்வரை அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

கடை சின்னது. முதலாளி என் வயதுக்காரர், சிங்களவர், மெதுவான தமிழ். பத்திரத்தை வாசித்தார். தானியங்கிக்கும், மடித்துத் திறக்கிற இரட்டைக்குழலுக்கும் அது செல்லும் என்றார். மலரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். "நங்கிக்கு, தங்கச்சிக்கு, நல்ல சாமான் இருக்கு." உள்ளேயிருந்து கொண்டுவந்தது அதேதான். கட்டைத் தானியங்கி. கறுப்பு.

மலர் கையில் எடுத்தாள். முகம் மாறியது. பொங்கலுக்குப் புதுச்சட்டை போட்ட முகம். "பாரமே இல்லை அப்பா."

கடைக்குப் பின்னால் மண் மேடு, அட்டைப் பலகை. நான் சுவரோடு நின்றேன். காதுக்குப் பஞ்சு. வலது தோளில் வைத்தாள். சுட்டாள். பலகையின் இடது பக்கத்து மண் சிதறியது. திரும்பவும். அதே இடது. மூன்றாவதும்.

"பழக்கம் வரணும்," முதலாளி. "ரெண்டு மாசம்."

எங்களுக்கு ஆறு நாள்.

மலர் துவக்கை மேசையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கண் கலங்கவில்லை. ஆனால் கூட்டத்திலிருந்து சைக்கிளை உருட்டி வந்தபோது இருந்த அதே முகம். சொல்லாமல் இருந்திருப்பேன். அந்த முகத்துக்காகத்தான் வாய் திறந்தது.

"பிள்ளை, மற்றத் தோளில வை."

"எந்தத் தோள்?"

"இடது. உன்ர கண் இடது கண். வெள்ளிக்கிழமை பாத்தனான்."

"வெள்ளிக்கிழமை பாத்துப்போட்டு இண்டைக்கோ சொல்லுறியள்?"

"சரியோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

முதலாளி குறுக்கே வந்தார். இடது கண்ணை மூடிக்கொண்டு வலது தோளிலேயே சுடலாம், நிறையப் பேர் அப்படி. நியாயமான பேச்சு. நான் உடனே பின்வாங்கப் பார்த்தேன். மலர்தான் சொன்னாள்: "முதலாளி, பன்றி வாறது மைம்மலில. பாதி இருட்டு. அதுக்குள்ள ஒரு கண்ணையும் நானே மூடிக்கொண்டு என்னத்தைப் பாக்கிறது?"

இடது தோள். கையெல்லாம் புதிதாக இருக்க, தட்டுத் தடுமாறி வைத்தாள். சுட்டாள். பலகையின் நடுவில் சல்லடை. முதலாளி "ஹா" என்றார். அதே கணம் வெற்றுத் தோட்டா அவள் மூக்குக்கு முன்னால் பறந்து என் காலடியில் விழுந்தது, புகையோடு. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டாவது வெடிக்கு முன்பே கண் சிமிட்டினாள், வெடி மேலே போனது. மூன்றாவதும் அப்படியே.

இடது பக்கம் எறிகிற தானியங்கி உண்டா என்று கேட்டேன். உண்டாம், இங்கே இல்லையாம்.

அவள் வீடியோ அழைப்பில் சுதனுக்குக் காட்டினாள். அவன் நான் நிற்பது தெரியாமல் பேசினான். "மாமாவுக்குப் பயம் மலர். அவர் இனி மடிச்சுத் திறக்கிற பழைய துவக்கொண்டைக் காட்டுவார், இருந்து பார்."

"பயம்தான். அப்பாக்குப் பயமெண்டு எல்லாருக்கும் தெரியும். ஆனா மூக்கு என்ரை."

பிறகு சுதன், "மாமா பக்கத்திலயோ நிக்கிறார்?"

"ஓம் தம்பி," என்றேன். அவன் பாவம்.

மடித்துத் திறக்கிற இரட்டைக்குழல் ஒன்று உள்ளே இருந்தது, பாவித்தது, ஆனால் சுத்தம். வெற்றுத் தோட்டாவைக் கையால் எடுக்க வேண்டும், எந்தப் பக்கமும் எறியாது. உதை கூடுதல். தோளுக்கு றப்பர் பட்டையும், மென்மையான தோட்டாவும் தரலாம் என்றார். எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன், நன்மை தீமை இரண்டும், உதையைக் குறைத்துச் சொல்லாமல். தீர்மானம் அவளுடையது.

இரண்டு வெடி. இரண்டும் பலகையில். தோளைத் தேய்த்துக்கொண்டாள். "உதைக்குது. ஆனா முகத்துக்கு வரேல்ல." மற்றதை, கறுப்பை, ஒரு தரம் தடவிப் பார்த்தாள். "ரெண்டு வெடி காணும். மூண்டாவது வெடிக்கு முதல் பன்றி பரப்பாங்கண்டலில நிக்கும்."

பிடி நீளம். முதலாளி நாடாவை எடுத்து அவளை நிற்கச் சொன்னார். நான் பத்திரிகைத் தாளை அவிழ்த்தேன். வெட்கமாக இருந்தது. பனைமட்டையை மேசையில், துவக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். மட்டையை எடுத்து மலரிடம் கொடுத்தார். அவள் தரையிலேயே சம்மணம் கட்டி இருந்து, ஜக்கெட்டோடு, தோளில் வைத்துக் காட்டினாள், இந்தத் தரம் இடது. அவர் குந்தியிருந்து பக்கவாட்டில் பார்த்தார்.

"ஐயா, மாத்தயாவே செஞ்சதா?"

"ஓம்."

"இதை வச்சிட்டுப் போங்க. இதுமாதிரி வெட்டுறேன்."

வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது, முதலில் ஒரு விரல் மட்டும் வெட்டிப் பார்ப்போமா என்று கேட்டேன். மலர் என் கையைப் பிடித்தாள். "வெட்டட்டும் அப்பா."

ஜனவரி 29, வியாழன்

துவக்கு வந்தது. பொலிஸில் பதிவு. மலர் போய் எல்லாம் முடித்தாள். முதலாளி மட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறார், அதே பத்திரிகைத் தாளில், நூல் கட்டி.

கொட்டிலில் வெறும் துவக்கைத் தோளில் வைத்துப் பார்த்தாள். கண்ணும் குழலும் ஒரே கோட்டில். முன்னால் நின்று நான் பார்க்கவில்லை. உண்மையான துவக்கு. பக்கவாட்டில் பார்த்தேன், போதும்.

பன்றி நேற்றும் வந்திருக்கிறது. கீழ்த் துண்டில் கால்வாசி போய்விட்டது.

பெப்ரவரி 1, ஞாயிறு

வெயில். காற்று இல்லை. மத்தியானம் சாப்பிட முடியவில்லை, மலர் இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

நாலு மணி. குளக்கட்டில் ஊரில் பாதி. கச்சான் கடலை விற்கிறவர்கூட வந்துவிட்டார். சட்டி மண் மேட்டுக்கு முன்னால் தொங்கியது. என் கண்ணுக்குச் சின்னச் சட்டியாகப் பட்டது. எல்லாருக்கும் இதே அளவுதானா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

மலர் வந்தாள், கோடு போட்ட இடத்தில் நின்றாள், பிறகு நிலத்தில் இருந்தாள். சம்மணம். சுதனின் ஜக்கெட், அந்த வெயிலில்.

சின்னராசா: "என்ன பிள்ளை, களைச்சுப்போனியோ? கதிரை கொண்டரவோ?"

"கொட்டிலில கதிரை இல்லை அண்ணை."

துவக்கை இடது தோளில் வைத்ததும் சிரிப்பு பெரிதாகிவிட்டது. "பிளான் ஐயா, பிளானைத் தலைகீழாப் பிடிச்சிட்டியள்," என்றது ஒரு குரல். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். வழக்கமாக அந்த இடத்தில் நான் குனிந்து செருப்பைப் பார்ப்பேன். இன்றைக்குக் குனியவில்லை. "பிளான் சரி," என்றேன். எவ்வளவு சத்தமாகச் சொன்னேன் என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்றவருக்குக் கேட்டது, அவர் மற்றவருக்குச் சொன்னார்.

முதல் வெடி. சட்டியின் மேலே கயிறு ஆடியது. சட்டி அப்படியே.

அவள் துவக்கைத் தாழ்த்தினாள், மூச்சு விட்டாள், ஜக்கெட்டின் தோளை இழுத்துவிட்டுத் திரும்ப வைத்தாள். அவசரமேயில்லை. சட்டியல்ல, அவள் அந்த ஜக்கெட்டை இழுத்துவிட்ட விதம்தான் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

இரண்டாவது வெடிக்கு நான் கண்ணை மூடிவிட்டேன். பழக்கம். என் மகள் சட்டி உடைத்ததை ஊரில் பாதிப் பேர் பார்த்தார்கள், நான் பார்க்கவில்லை. ஓடு மண்ணில் கொட்டும் சத்தம் மட்டும் கேட்டேன். கண்ணைத் திறந்தபோது கயிறு வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது.

சின்னராசா போய்க் கயிற்றைப் பிடித்துப் பார்த்தார். திரும்பி வந்தார். "கீழ்ப் பக்கம், செவ்வாயும் வெள்ளியும். எழுதுங்கோ," என்று செயலாளரிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து தோளைக் காட்டினாள். நாவல்பழ நிறம். எண்ணெய் சூடாக்கிக் கொடுத்தேன். சுதன் அழைத்து முழுக் கதையும் கேட்டான். நானே சொன்னேன், பார்த்தவன் மாதிரி.

பெப்ரவரி 4, புதன்

பனி. சொட்டு மருந்து, குளிசை, இரண்டும் நேரத்துக்கு.

நேற்று அவளுடைய முதல் முறை. மைம்மலில் ஒரு வெடி கேட்டது. இரண்டாவதற்குக் காத்திருந்தேன், வரவில்லை. விடியக் கீழ் வரம்புக்குப் போய்ப் பார்த்தேன். குளம்படி வரம்பின் மேல்வரை வந்து, ஈர மண்ணில் வழுக்கித் திரும்பி, காட்டுப் பக்கம் ஓட்டம். நெல்லுக்குள் ஒன்றுமில்லை. வெற்றுத் தோட்டாவை வரம்பில் குத்தி வைத்திருக்கிறாள், சிவப்பாக, எல்லைக் கல் மாதிரி.

இப்போது தூங்குகிறாள். துவக்கு அலுமாரியில் பூட்டி, திறப்பு அவள் தலையணைக்குக் கீழே. மட்டையை அடுப்புக்கு வைத்துவிடட்டுமா என்று கேட்டேன். தூக்கத்திலேயே "தொடாதேங்கோ" என்றாள்.

படலையில் சின்னராசா. தனியாக, துவக்கில்லாமல், குரலைத் தாழ்த்தி. "ஐயா, நிக்கிறியளோ? பிள்ளை நேற்று இடது கண் கதையைச் சொன்னவள். அவள் எழும்ப முதல் எனக்கும் ஒருக்கா அந்த மட்டையைப் பிடிச்சு, எந்தக் கண்ணெண்டு பாருங்கோ."